முதுகெலும்பில் கிருமித் தொற்று: மருந்து போதுமா, ஆபரேஷன் வேண்டுமா?

முதுகுவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தசைப்பிடிப்போ தேய்மானமோதான் காரணம். சில நாள் மாத்திரை, அப்புறம் கொஞ்சம் உடற்பயிற்சி என்று சரியாகிவிடும். மிகச் சிலருக்கு மட்டும் முள்ளெலும்புக்குள் பாக்டீரியா புகுந்திருக்கும். இந்தச் சிலரைத்தான் அடிக்கடி கோட்டை விடுகிறோம். வலி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரியவர இரண்டு முதல் நான்கு மாதம் ஆகிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. நோய் தெரிந்த பிறகோ, ஓரிரு நாளில் அடுக்கடுக்காக முடிவெடுக்கச் சொல்வார்கள். ஆன்டிபயாடிக்கை இன்றே தொடங்கலாமா, திசு எடுத்துப் பார்த்த பிறகா? ஆபரேஷனா, மருந்து மட்டுமா? நரம்பு வழி ஊசியா, மாத்திரையா? எத்தனை வாரம்?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டே விஷயங்கள் இருக்கின்றன: நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறதா, கிருமி எது. ஸ்கேன் படம் எவ்வளவு பயமுறுத்தினாலும் முடிவெடுக்கும்போது இந்த இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த வலியைச் சந்தேகிப்பது?

தேய்மான வலி படுத்தால் குறையும். தொற்றால் வரும் வலி படுத்தாலும் விடாது, இரவில் கூடும். படுக்கையில் புரண்டு படுக்கவே ஆளைத் துடிக்க வைக்கும். முதுகெலும்பின் மேல் விரலை மடக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் சுரீரென்று வலிக்கும். இடுப்புப் பகுதியில்தான் தொற்று அதிகம் வருகிறது. அடுத்தது நெஞ்சுக்குப் பின்னால் உள்ள பகுதி. கழுத்தில் குறைவு.

காய்ச்சல் இருந்தால்தானே தொற்று என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த நோயில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை. வலிக்காகப் போடும் மாத்திரையே காய்ச்சலையும் அமுக்கிவிடும். ஆகவே காய்ச்சல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. நீரிழிவு உள்ளவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர், அண்மையில் சிறுநீர்த் தொற்றோ தோலில் சீழ்க்கட்டியோ வந்தவர், இதய வால்வில் தொற்று உள்ளவர், முதுகில் ஊசியோ ஆபரேஷனோ செய்துகொண்டவர், போதை மருந்தை ஊசி வழி ஏற்றிக்கொள்பவர் ஆகியோருக்குப் புதிதாக விடாத முதுகுவலி வந்தால் அதைச் சாதாரண வலி என்று ஒதுக்கவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. நடக்க மாட்டேன், உட்கார மாட்டேன் என்று அடம்பிடிப்பதே அவர்களிடம் அறிகுறி.

கிருமி பெரும்பாலும் ரத்தம் வழியாகவே வருகிறது. பெரியவர்களின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. ஒரே ரத்தக் குழாய் கிளை பிரிந்து அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்குப் போகிறது. அதனால் கிருமி இரண்டு எலும்புகளின் ஓரத்திலும் தங்கி, நடுவில் இருக்கும் டிஸ்க்கை அரிக்கிறது. சீழ் முன்பக்கமாக இறங்கினால் இடுப்புத் தசையில் சேரும். அப்போது காலை நீட்ட முடியாமல் தொடையை மடக்கியே வைத்துக்கொள்வார்கள். சீழ் பின்பக்கமாக, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடைவெளிக்குள் போனால் ஆபத்து வேறு தரத்துக்குப் போய்விடும். அதன் படிகளை 1948-இல் ஹியூஸ்னர் என்ற மருத்துவர் வரிசைப்படுத்தினார்: முதலில் முதுகுவலி, பிறகு கை காலுக்கோ விலாவுக்கோ இழுக்கும் வலி, பிறகு பலவீனம், கடைசியில் கை கால் முழுதும் செயலிழப்பது. முதல் இரண்டு படிகளில் பல நாள் நின்றவர் மூன்றிலிருந்து நான்குக்குச் சில மணி நேரத்தில் போய்விடலாம்.

சோதனைகளில் எது முதலில்?

எக்ஸ்ரே எளிது, உடனே கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு மூன்று வாரம் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்தான் பிறகு தாமதமாகத் திரும்பி வருகிறார்கள். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோருக்கு உயர்ந்திருக்கும். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம், அதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. சந்தேகமான வலி, மேலே சொன்ன ஆபத்துக் காரணங்களில் ஒன்று, உயர்ந்த சி.ஆர்.பி. என மூன்றும் சேர்ந்தால் நேராக எம்.ஆர்.ஐ.தான். தொடக்கத்திலேயே நோயைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு ஈடு இல்லை. தண்டுவடத்தைச் சுற்றிச் சீழ் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் வலிக்கும் இடத்தை மட்டும் எடுக்காமல் முழு முதுகெலும்பையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு இடத்தில் வலித்து, இன்னொரு இடத்திலும் சீழ் ஒளிந்திருப்பது உண்டு. பேஸ்மேக்கர் போன்ற காரணத்தால் எம்.ஆர்.ஐ. முடியாதவருக்கு சி.டி., பெட் ஸ்கேன் என்ற வழிகள் இருக்கின்றன.

மருந்தை இன்றே தொடங்குவதா, காத்திருப்பதா?

இந்த நோயில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் முடிவு இதுதான். எம்.ஆர்.ஐ.யில் தொற்று என்று வந்துவிட்டது, இன்னும் ஏன் மருந்து தொடங்கவில்லை என்று குடும்பத்தினர் பதறுவார்கள். பதற்றம் நியாயமானது. ஆனால் நோயாளியின் ரத்த அழுத்தம் சரியாக இருந்து, கை கால் பலமும் சரியாக இருந்தால், ஓரிரு நாள் காத்திருந்து கிருமியைப் பிடிப்பதுதான் அவருக்கு நல்லது. எடுக்கப்போகும் மருந்து குறைந்தது ஆறு வாரம். தவறான மருந்தை ஆறு வாரம் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைவிட இந்தக் காத்திருப்பு சிறியது.

மருந்து தொடங்கும் முன் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும். இந்த நோய்க்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. அது ரத்தத்திலேயே வளர்ந்து, எம்.ஆர்.ஐ.யும் அதற்குப் பொருந்தினால் எலும்பில் ஊசி போட வேண்டிய தேவையே இல்லை. அதற்குப் பதில் இதய வால்வுகளை எக்கோ எடுத்துப் பார்ப்பதில் அக்கறை காட்ட வேண்டும். முதியவர்களில் சிறுநீர்ப்பாதையிலிருந்து வரும் ஈ. கோலை போன்ற கிருமிகள், காய்ச்சாத பால் குடிப்பவர்களில் புரூசெல்லா, அப்புறம் காசநோய்க் கிருமி என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை என்றால் பயாப்சி, அதாவது திசு எடுத்துப் பார்ப்பது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, சி.டி. படத்தைப் பார்த்தபடி ஊசியை டிஸ்க்கும் எலும்பும் சேரும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எடுத்த திசு எங்கே போகிறது என்பதையும் தயங்காமல் கேளுங்கள். முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் அதில் கிருமி எதுவும் வளராது. ஒரு பங்கு நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு, ஒரு பங்கு ஃபார்மலின் இல்லாமல் சாதாரண பாக்டீரியாக் கல்ச்சருக்கு, ஒரு பங்கு காசநோய்க் கல்ச்சருக்கும் மரபணுச் சோதனைக்கும் போக வேண்டும். இந்த ஒரு சின்னக் கேள்வி பல மாதச் சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

பயாப்சியில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் கிருமி கிடைக்கும். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் வாய்ப்பு இன்னும் குறையும். முதல் முறை கிடைக்காவிட்டால் இரண்டாம் முறை முயல்வதே முறை. மறுபடியுமா என்று சலிப்பாக இருக்கும், ஆனாலும் ஒப்புக்கொள்ளுங்கள். கிருமி தெரியாமல் போடும் மருந்து பரந்த வீச்சுடையதாக இருக்க வேண்டியிருக்கும். பக்க விளைவும் கூடும், சரியான மருந்துதானா என்ற சந்தேகமும் கடைசிவரை தீராது.

நேர்மாறான சூழ்நிலையும் உண்டு. கால் பலவீனமாகிறது, சிறுநீர் கழிக்க முடியவில்லை, அல்லது ரத்தத்தில் கிருமி பரவி ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்து ஏற வேண்டும்.

ஆபரேஷனா, மருந்து மட்டுமா?

தண்டுவடமும் நரம்பும் அழுத்தப்படாமல், எலும்பும் நொறுங்காமல் இருந்தால் பெரும்பாலானோருக்கு மருந்தே போதும். டிஸ்க் அரித்துப்போயிருக்கிறது, அதை எடுத்துப் போட்டால்தானே குணமாகும் என்று தோன்றலாம். ஆனால் சரியான ஆன்டிபயாடிக் கிடைத்தால், அரித்த டிஸ்க்கின் இடத்தில் இரண்டு எலும்பும் காலப்போக்கில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். பின்னாளில் ஸ்கேனில் அப்படித் தெரிந்தால் அது ஆறியதன் அடையாளம்.

ஆபரேஷன் பக்கம் தராசைச் சாய்ப்பவை வேறு: கூடிக்கொண்டே போகும் பலவீனம், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, எலும்பு இடிந்து முதுகு கூன் விழுவது, நிமிர்ந்து உட்கார முடியாத அளவுக்கு முதுகெலும்பு தளர்ந்துபோவது, சரியான மருந்து கொடுத்தும் ரத்தத்தில் கிருமி தொடர்வது, தாங்க முடியாத வலி. இவற்றில் முதல் இரண்டும் மணிக் கணக்கில் பார்க்க வேண்டியவை. சீழ் தண்டுவடத்தை அழுத்துவதோடு நிற்பதில்லை, அதற்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் அடைக்கிறது. கை கால் முழுதும் செயலிழந்து ஒரு நாள், ஒன்றரை நாள் கடந்துவிட்டால் கால் திரும்ப வரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். காலையில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம் என்று இரவைக் கடத்த வேண்டாம். தயவுசெய்து அன்றைக்கே முடிவெடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றித்தான் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து மாறுபடும். தண்டுவடத்தைச் சுற்றிச் சீழ் இருக்கிறது, ஆனால் கை கால் நன்றாக இருக்கிறது. மருந்து மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா? பார்க்கலாம், சில நிபந்தனைகளோடு. நோயாளி மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது அவர் கால் விரலைத் தூக்கச் சொல்லி, தங்கள் கையால் எதிர்த்து அழுத்திப் பார்த்து, குறித்துவைக்க வேண்டும். பலம் குறைந்தால் எந்த நேரத்திலும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் வசதி அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வசதி உள்ள இடத்துக்கு உடனே மாற்றுவதுதான் சரி. 65 வயதைத் தாண்டியவர், நீரிழிவு உள்ளவர், மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் வந்தவர், ரத்தத்திலும் கிருமி வளர்ந்தவர் ஆகியோருக்கு மருந்து மட்டும் என்ற வழி தோற்கும் வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு முன்கூட்டியே ஆபரேஷன் செய்வதன் பக்கம் நான் சாய்வேன். சீழ் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே நரம்பு இழைகள் மட்டும்தான். ஆகவே கழுத்திலும் நெஞ்சுப் பகுதியிலும் உள்ள சீழுக்குக் காட்டும் பொறுமை குறைவாகவே இருக்க வேண்டும்.

ஆபரேஷன் என்று முடிவானால் அறுவை நிபுணரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: பின்பக்க எலும்பை எடுத்து அழுத்தத்தைக் குறைப்பதோடு நிறுத்துவீர்களா, திருகு வைத்து நிலைநிறுத்துவீர்களா? சீழ் மட்டும் இருந்து முன்பக்க எலும்பு உறுதியாக இருந்தால் முதலாவது போதும். முன்பக்க எலும்பு ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும்போது பின்பக்கத்தையும் எடுத்துவிட்டால் முதுகு மேலும் கூன் விழும். சீழ் உள்ள இடத்தில் உலோகம் வைக்கலாமா என்ற பயம் எல்லோருக்கும் வரும். செத்த திசுவை நன்றாகச் சுரண்டி எடுத்து, சரியான ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் டைட்டானியம் திருகுகள் பெரும்பாலும் பிரச்சினை தருவதில்லை. ஆடிக்கொண்டே இருக்கும் எலும்பில் தொற்று ஆறுவதுதான் கடினம். ஆனால் ஒன்று, ஆபரேஷன் நடந்தாலும் மருந்துக் காலம் குறையாது.

இடுப்புத் தசையில் தேங்கிய பெரிய சீழுக்கு மூன்றாவது வழி இருக்கிறது: படம் பார்த்தபடி தோல் வழியே குழாய் செருகி வடிய விடுவது. மயக்க மருந்து தாங்காத முதியவர்களுக்கு இது பெரிய வரம். அப்படி எடுத்த சீழே கல்ச்சருக்கும் உதவும். சிறிய சீழாக இருந்தால் மருந்திலேயே வற்றிவிடும்.

ஊசியா, மாத்திரையா? எத்தனை வாரம்?

எலும்புத் தொற்றுக்கு ஆறு வாரமும் நரம்பு வழி ஊசிதான் என்பது நீண்ட காலம் வேதவாக்காக இருந்தது. 2019-இல் வெளியான ஓவிவா என்ற பிரிட்டன் ஆய்வு எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஓராண்டு முடிவில் ஊசி எடுத்தவர்களில் 14.6 சதவீதம் பேருக்கும், மாத்திரைக்கு மாறியவர்களில் 13.2 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தோற்றது. அதாவது மாத்திரை பின்தங்கவில்லை. அதில் முதுகெலும்புத் தொற்று உள்ளவர்கள் சிறு பகுதிதான் என்பதையும் மறக்கக் கூடாது. மாத்திரைக்கு மாற, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த மருந்து குடலிலிருந்து நன்றாக ரத்தத்தில் சேர வேண்டும். லினசோலிட், கிளிண்டாமைசின், லெவோஃப்ளாக்சசின், ரிஃபாம்பிசினோடு சேர்த்துத் தரும் கூட்டு மருந்துகள் இந்த வகை. வாந்தி எடுப்பவர், இதய வால்வில் தொற்று உள்ளவர், ரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்து சில நாள்தான் ஆனவர் ஆகியோருக்கு ஊசி தொடர்வதே பாதுகாப்பு. மற்றவர்களுக்கு, கையில் வாரக் கணக்கில் குழாய் வைத்துக்கொண்டு அதனால் ரத்தக் கட்டியும் புதுத் தொற்றும் வரும் ஆபத்தை ஏற்பதைவிட மாத்திரை நல்லது.

மாத்திரை என்றதும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லினசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் ரத்தத் தட்டணுக்கள் குறையலாம், வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ரிஃபாம்பிசின் வேறு பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். ஊசியில் வான்கோமைசின் என்றால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும்.

கால அளவைப் பொறுத்தவரை விடை தெளிவானது. பிரான்ஸில் 351 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் ஆறு வாரம் எடுத்தவர்களிலும் பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களிலும் 90.9 சதவீதம் பேர் குணமானார்கள். வடிக்காத பெரிய சீழ், மெத்திசிலினுக்கு அடங்காத கிருமி, செயலிழந்த சிறுநீரகம், உடலில் வைத்த உலோகம் என்று ஏதாவது இருந்தால் நீட்டிப்பார்கள். புரூசெல்லாவுக்கு மூன்று மாதம் வேண்டும்.

காசநோய் என்றால் கணக்கே வேறு

காசநோயும் பாக்டீரியாத் தொற்றுதான். ஆனால் அது மெதுவாக நகரும். மாதக் கணக்கில் வலி, எடை குறைதல், மாலைக் காய்ச்சல், நெஞ்சுப் பகுதியில் கூன் என்று வரும். 1779-இல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதை விவரித்தார், அதனால்தான் பாட் நோய் என்ற பெயர். எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் வைத்துக் காசநோயையும் மற்றத் தொற்றையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. இங்கேதான் பயாப்சிக்கு முன்னால் லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்தைத் தொடங்குவது பெரிய கெடுதல் செய்கிறது. அது காசநோயை அரைகுறையாக அடக்கி, வலியைக் குறைத்து, கல்ச்சரிலும் வராமல் செய்துவிடும்.

சிகிச்சை பல மாதம் நீளும். அதே சமயம் ஆபரேஷன் தேவைப்படுவது குறைவு. கால் பலவீனம் மெல்ல வந்திருந்தால் மருந்திலேயே மீள்பவர்கள் பலர். மற்ற கிருமிகளுக்குச் சொன்ன மணிக் கணக்கு அவசரம் இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. 1975-இல் இந்திய எலும்பு நிபுணர் எஸ்.எம். துலி வெளியிட்ட நடுவழி முறை இதைத்தான் சொன்னது: எல்லோருக்கும் மருந்து, தேவைப்படுவோருக்கு மட்டும் கத்தி.

படுக்கையா, நடையா?

காசநோய்க்கு மாதக் கணக்கில் படுக்கையும் மாவுக்கட்டும் என்று இருந்த காலத்தில், கொரியாவின் மசானிலும் பூசானிலும் நடந்த ஆய்வுகள், மருந்து சரியாக எடுத்தால் படுக்கையும் கட்டும் கூடுதல் பலன் தரவில்லை என்று காட்டின. மற்றத் தொற்றுகளிலும் வலி தாங்கும் அளவுக்குச் சீக்கிரம் நடக்க வைப்பதே நல்லது. எலும்பு தளர்ந்திருந்தால் பெல்ட்டோடு நடக்கலாம். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டும், தசை வற்றும், முதுகில் புண் வரும்.

குணமாவதைப் பார்க்க மறுபடி ஸ்கேன் எடுக்கலாமா என்று ஆவலாக இருக்கும். ஆள் தேறி வரும்போது அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். வலி குறைந்து, பசி திரும்பியிருக்கும் நேரத்திலும் எலும்புப் படம் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை மாற்றுவதும், தேவையில்லாத ஆபரேஷனுக்குப் போவதும் நடக்கிறது. நான்காவது வாரம் வாக்கில் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். இரண்டையும் பார்த்தால் போதும். சி.ஆர்.பி. சீக்கிரம் இறங்கும், இ.எஸ்.ஆர். மெல்லத்தான் இறங்கும். இரண்டும் இறங்காமல் வலியும் தொடர்ந்தால் அப்போது எம்.ஆர்.ஐ. எடுத்து, எலும்பைவிடச் சுற்றியுள்ள சதையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் சீழ் கூடியிருக்கிறதா என்றே முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

மருந்து முடிந்த பிறகும் லேசான முதுகுவலி சிலருக்கு நீடிக்கும், அதற்காக ஆன்டிபயாடிக்கை நீட்ட வேண்டியதில்லை. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் திரும்பும். அந்த ஆண்டில் இரவு வலி மறுபடி தலைகாட்டினால், வலி மாத்திரை வாங்கும் முன் ஒரு சி.ஆர்.பி. எடுத்துப் பாருங்கள். உயர்ந்திருந்தால் ஆன்டிபயாடிக் எதையும் தொடாமல், முதலில் ரத்தக் கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு, முன்பு சிகிச்சை பார்த்தவரிடமே பழைய கல்ச்சர் அறிக்கையோடு போங்கள்.